வைக்கோல் ஆட்கள் வரும் நாள்

மொன்றியலில் லாஷின் கால்வாய்க்குத் தெற்கே இருக்கும் ஐரிஷ்காரர் தெருவுக்கு, ஒவ்வொரு வருடமும் டிசம்பர் இருபத்தாறாம் திகதி காலை பத்து மணிக்கு ஒன்பது வைக்கோல் ஆட்கள் வருவார்கள். வைக்கோலுக்குள் ஆள் கிடையாது. கூம்பாக முடைந்த தொப்பி முகத்தை மூடித் தோள்வரை தொங்கும். அதற்குக் கீழே வைக்கோல் அங்கி, வைக்கோல் பாவாடை, பிறகு தரை. அந்தத் தெருக்காரரின் பூட்டன்மார் விட்டுவந்த அயர்லாந்துச் சந்தை நகரத்தில் முன்பு இளந்தாரிகள்தான் இப்படி வேஷம் கட்டி வீடுவீடாக ஆடினார்களாம். இளந்தாரிகள் எல்லாரும் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய், வேஷம் கட்ட ஆளில்லாத ஒரு வருடம், வைக்கோல் தானாகவே புறப்பட்டு இங்கே வந்துவிட்டது. தெருவில் அதை ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை. வருவார்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுற்று ஆடுவார்கள், யாராவது ஒருவரைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அந்த ஆள் அவர்களோடு போய் மற்ற வீடுகளில் ஆடிவிட்டுப் பின்னேரம் திரும்பி வருவார். அந்த வீட்டுக்கு வருடம் முழுக்க நல்லது நடக்கும். 1989இல் தபால்காரனைக் கூட்டிப்போனார்கள்; அவனுக்கு முழங்கால் வலி போனது, சப்பாத்தில் ஒன்று தொலைந்தது.

யோசெப்பினும் புருஷன் வின்சன்ட்டும் கைக்குழந்தை ஜென்சியும் 1991இல் அந்தத் தெருவில் இரண்டாம் மாடிக்கு வந்தார்கள். வின்சன்ட்டுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் திரைச்சீலையை விலக்கிப் பார்த்த யோசெப்பின் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். மன்னாரில் ஒரு சுற்றிவளைப்பு நாளில், முகத்தில் சாக்குப் போட்ட ஒருவனை ஆமிக்காரர் ஆள்காட்டச் சொல்லி ஜீப்பில் இருத்தி, ஊர் ஆம்பிளைகளை அவன் முன்னால் வரிசையாக நடத்தியிருந்தார்கள். சாக்கில் இரண்டு ஓட்டை. அவளுடைய அண்ணன் நடந்தபோது சாக்கு மேலும் கீழும் ஆடியது. விசாரித்துவிட்டுப் பின்னேரம் விட்டுவிடுவோம் என்றுதான் அதிகாரி சொன்னான். அன்றைக்கு ஏழு பேர் போனார்கள், ஒருவரும் வரவில்லை. ஆகவே கீழ்வீட்டு மிஸஸ் நூனன் முட்டை விலை சொல்வதுபோல, பின்னேரம் அனுப்பிவிடுவார்கள், பயப்படாதே என்றபோது யோசெப்பின் வின்சன்ட்டின் சட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாலு வருடம், அந்த நாளில் ஒன்பதரைக்கே வின்சன்ட்டை உடுப்பு அலுமாரிக்குள் விட்டுப் பூட்டினாள். வைக்கோல் ஆட்கள் வந்து கூடத்தில் ஆடுவார்கள். அவள் அலுமாரியில் முதுகைச் சாய்த்துச் செபமாலையை உருட்டிக்கொண்டு நிற்பாள். அவர்களும் மரியாதை தெரிந்தவர்கள்தான், பல்லுக் கிட்டிப்போய் நிற்கிறவளை வற்புறுத்தாமல் போய்விடுவார்கள். ஜென்சிக்குப் பேச்சு வந்த வருடத்திலிருந்து, "வைக்கோல் மாமாக்கள் வந்திட்டினம்!" என்று கத்தி அம்மாவின் உயிரை வாங்கினாள்.

1996இல் வின்சன்ட் அலுமாரிக்குள் போக மாட்டேன் என்றுவிட்டான். நாற்பது வயதாகியிருந்தது, பெட்டி தூக்கித் தூக்கி நாரி வேறு பிடித்து, குனிய முடியாமல் இருந்தது.

"ஒளிக்கிறதுக்கே கனடாவுக்கு வந்தனாங்கள்?" என்று கேட்டு, போய்க் கதவைத் திறந்தான். முன்னால் நின்ற வைக்கோல், தொப்பி குனிய அவனைப் பார்த்துத் தலையாட்டியது.

"இஞ்சாருங்கோ, போகாதேங்கோ," என்று யோசெப்பின் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் போனான். யோசெப்பின் வீட்டுச் செருப்போடு தெருமுனை வரைக்கும் ஓடினாள். பனியில் அவனுடைய கால்தடம் மட்டும்தான் இருந்தது. பொலிசைக் கூப்பிடவும் மனம் வரவில்லை. சீருடை என்றாலே அவளுக்கு நா எழாது. ஜன்னலில் வந்து நின்றாள். சோறு போடவில்லை, பிள்ளை பிஸ்கட் தின்றது. மூன்று மணிக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியது. நாலுக்குத் தெருவிளக்கு எரிந்தது. அண்ணனுக்காக அம்மா வாசல் படலையில் நின்றதும் இப்படித்தான்.

நாலு இருபதுக்கு வின்சன்ட் படியேறி வந்தான். தலையெல்லாம் வைக்கோல். "பசிக்குது," என்றான். யோசெப்பின் அவனுடைய இரண்டு காதையும் தோளையும் பத்து விரலையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு வைத்த ஒப்பாரியில் மிஸஸ் நூனன் மேலே ஓடிவந்து, யார் செத்தது என்று கேட்டாள். ஒருவரும் சாகவில்லை. தலையாட்டிக் கூட்டிப்போன ஓர் ஆள் திரும்பி வந்ததை யோசெப்பின் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டாள். மார்ச்சில் வின்சன்ட்டுக்கு வேலை நிரந்தரமானது.

பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 1997இல் அவள் குளியலறைக்குள் இருந்தபடிதான் ஆட்டத்தைக் கேட்டாள். 1998இல் தானே கதவைத் திறந்தாள். முன்னால் நின்ற வைக்கோல் வின்சன்ட்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்துத் தலையாட்டியது. அவள் வின்சன்ட்டிடம், அடுப்பில் இருக்கிற கறியை இறக்கச் சொன்னாள். கோட்டுப் பொத்தான்களை வின்சன்ட்தான் பூட்டிவிட்டான். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒன்பது வைக்கோல் ஆட்களுக்கு நடுவில் அவள் படியிறங்கிப் போனாள்.