பதினோரு சுவர்கள்

கணவனின் சாப்பாட்டுப் பையைத் தூக்கியபோது அவளுக்குத் தோள் ஒரு பக்கமாக இழுத்தது. காலையில் அவளே நிரப்பிக் கொடுத்த மூன்றடுக்கு டப்பா, சாயங்காலம் காலியாக வரும்போது இந்தக் கனம் கனக்க வழியில்லை. சந்தேகத்தோடு ஜிப்பை இழுத்தாள். டப்பாவுக்கு அடியில் பழைய துண்டு ஒன்றில் சுருட்டி வைத்த கம்பித் துண்டுகள் இருந்தன. எட்டுத் துண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை ஜாண் நீளம். ஒரு முனையில் கிரைண்டரால் அறுத்த வாய் பளபளவென்று மின்னியது. மறுமுனையில் சிவப்புப் பிளாஸ்டிக் தொப்பி. தொப்பியைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை அந்தக் கம்பியில் மாட்டியதே அவள்தான்.

அவள் வேலை பார்த்த யார்டில் வீடு கட்டுவதில்லை, வீட்டின் துண்டுகளைச் செய்வார்கள். சுவர், தளம், படிக்கட்டு எல்லாவற்றையும் இரும்பு அச்சில் படுக்கவைத்து வார்த்து, இறுகியதும் டிரெய்லரில் ஏற்றிச் சைட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கும். ஒரு மாடிச் சுவரின் தலையில் நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மேல்மாடிச் சுவரின் அடியில் அதற்கு நேராக நான்கு குழாய்கள் வைத்து வார்த்திருக்கும். கம்பி குழாய்க்குள் போய் உட்கார்ந்ததும், பக்கத்து ஓட்டை வழியாகச் சிமென்ட் குழம்பை ஏற்றி அடைத்துவிட்டால் இரண்டு சுவரும் ஒன்றாகிவிடும். ஒன்றாகும் வரை, ஒவ்வொரு சுவரையும் இரண்டு ஜாக்கிக் குழாய்கள் சாய்வாக முட்டுக் கொடுத்துத் தாங்கி நிற்கும். இவ்வளவுதான் விஷயம். கம்பியும் குழாயும் நேருக்கு நேர் வருகிறதா என்று அச்சிலேயே அளந்து பார்ப்பது அவள் வேலை. ஆறு வருஷமாக இடுப்பில் டேப்பைச் சொருகிக்கொண்டு திரிந்ததில் யார்டில் அவளுக்கு டேப்பக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. சுவர்களை அடுக்கும் ஆட்களுக்கு அவள் கணவன் மேஸ்திரி. அவள் அளந்து விடுவாள், அவன் தூக்கி நிறுத்துவான். "என் பொண்டாட்டி டிக் போட்ட பேனலைக் கண்ண மூடிக்கிட்டு இறக்கலாம்" என்று அவன் சைட்டில் பீற்றிக்கொள்வது அவள் காது வரைக்கும் வந்திருக்கிறது. வேண்டாம் என்றுதான் சொல்வாள், ஆனால் அன்றைக்கு டேப்பை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துதான் பிடிப்பாள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரமாக அவன் வந்ததும் வராததுமாகத் தன் டப்பாவைத் தானே கழுவி வைத்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று பூரித்துப் போயிருந்தாள். இன்றைக்கு அவன் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பை அவள் கையில் மாட்டியது.

அவன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். தரையில் வரிசையாகக் கிடந்த எட்டையும் பார்த்தான். துவட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க இது?"

அவன் போய்க் கதவைச் சாத்தினான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கடைசி எட்டு. மத்ததெல்லாம் கால்வாயில போட்டாச்சு."

"மத்ததுன்னா?"

"மொத்தம் நாப்பத்திநாலு."

அவளுக்குக் கணக்குப் போட நேரம் பிடிக்கவில்லை. சுவருக்கு நான்கு வீதம் பதினோரு சுவர். "அறுத்துட்டீங்களா? எல்லாத்தையுமா? கம்பியே இல்லாம நிக்குதா அது?"

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? ஒண்ணு கூட நேரா வரல. ஆறு சென்டி தள்ளி நிக்குது. கிரேன்ல சுவர் தொங்குது, காத்து அடிக்குது. திருப்பி அனுப்பலாம்னு பாத்தா மூலையில உன் டிக்." சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "போன வருஷம் ஒருத்தன ரெண்டு பேனலுக்கே வீட்டுக்கு அனுப்பினாங்க. இது பதினொண்ணு. அனுப்பிட்டு சும்மா விடுவாங்களா?"

"என் அளவு தப்பாகாது."

"தப்பாகலன்னா அது ஏன் உள்ள போகல?"

கம்பி இல்லாத குழாய்க்குள் குழம்பை ஏற்றியிருக்கிறார்கள். மேல் ஓட்டை வழியாக அது ஒழுங்காகப் பொங்கி வழிந்திருக்கிறது. சைட் இன்ஜினியர் நின்று பார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். உள்ளே கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழம்பு ஒரே மாதிரிதான் பொங்கும். தனக்காகச் செய்திருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, அவன் தலையில் அந்தக் கம்பியாலேயே ஒன்று போடலாம் போலவும் இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்ததை அவள் யாரிடமும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"ஜாக்கி எப்ப எடுக்குறாங்க?"

"நாளைக்கு. காலையில."

"எடுக்காதீங்க. எதையாவது சொல்லித் தள்ளிப் போடுங்க."

"என்னன்னு சொல்லி? உன் பேரச் சொல்லியா?" அவன் எழுந்து கம்பிகளைப் பொறுக்கத் தொடங்கினான். "நாலரை டன்னும்மா. அதோட கனத்துக்கே அது நிக்கும். சும்மா பயப்படாத."

ராத்திரி தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, யார்டில் கலவை இயந்திரம் உருளத் தொடங்குவதற்கு முன்பே, அவள் ஆறாம் நம்பர் அச்சின் முன்னால் நின்றாள். அந்தப் பதினோரு சுவரையும் வார்த்த அச்சு. நிரூபித்துவிட வேண்டும் என்று வந்திருந்தாள். தப்பு தன்னுடையது இல்லை, சைட்டில் கீழ்ச்சுவரைத்தான் கோணலாக நிறுத்தியிருக்கிறார்கள், எதையாவது பிடித்துக்கொண்டு போய் அவன் முகத்தில் வீச வேண்டும். டேப்பை இழுத்தாள். இடது கோடியிலிருந்து முதல் குழாய் முப்பத்தாறு. வலது கோடியிலிருந்து கடைசிக் குழாய் முப்பது. அலமாரியிலிருந்து வரைபடத்தை எடுத்து அச்சின் மேல் விரித்தாள். அதில் இடது முப்பது, வலது முப்பத்தாறு.

அது அப்படித்தான் இருக்க வேண்டும். சுவரை வார்க்கும்போது வெளிமுகம் இரும்புத் தட்டைப் பார்த்துக் குப்புறக் கிடக்கும், வழவழப்பு அந்தப் பக்கம் வர வேண்டும் என்பதற்காக. வரைபடமோ வெளியே நின்று பார்ப்பது போல வரைந்திருக்கும். அதனால் அச்சுக்கு மேலே நிற்பவள் வரைபடத்தின் இடதை வலதாக்கி, வலதை இடதாக்கித்தான் அளவு வைக்க வேண்டும். புதிதாக வருகிற ஆட்கள் எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். எத்தனை பேரை இதற்காக அவள் கிண்டல் செய்திருக்கிறாள். அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை தானாகத் திருப்பிப் போடும்.

நிம்மதியாக மூச்சை விட்டுவிட்டு வரைபடத்தை மடிக்கப் போனவள், மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தைக் கண்டாள். நான்காவது மாடிச் சுவர்களிலிருந்து வரைபடம் போடுவது வேறு ஆபீஸ் என்று யாரோ சொன்னது நினைவிருந்தது. குனிந்து படித்தாள். "உள்பக்கமிருந்து பார்த்த தோற்றம்."

உள்பக்கம். அச்சின் மேல் அவள் நிற்கிற அதே பக்கம். அவர்கள் ஏற்கெனவே அவளுக்காகத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அவள் பழக்கதோஷத்தில் மறுபடியும் திருப்பியிருந்தாள். ஒரு முறை அல்ல, பதினோரு முறை. ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்து, திருப்தியாக டிக் போட்டிருந்தாள். ஒன்றும் தெரியாத ஒருத்தி இந்த வேலையைப் பார்த்திருந்தால் பதினோரு சுவரும் சரியாக வந்திருக்கும். அச்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. மேனேஜர் வர ஒன்பதாகும். ஆபீஸில் இன்ஜினியரின் நம்பர் சுவரில் எழுதியிருந்தது. அதன் எதிரில் நின்று நான்கு இலக்கம் வரை அழுத்தினாள். என்ன சொல்வது? போனில் சொன்னால் நம்ப மாட்டார்கள், நேரில் போவதுதான் சரி என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் வாய் வரவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்காகப் பிறகு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

சைட்டுக்குப் படிக்கட்டு ஏற்றிக்கொண்டு டிரெய்லர் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினாள். டிரைவர் அவளைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பேயடிச்ச மாதிரி இருக்கீங்க" என்றார். அவள் "சீக்கிரம் போங்கண்ணே" என்றாள். முப்பது டன் வண்டியை எவ்வளவு சீக்கிரம் ஓட்ட முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அவர் ஓட்டினார். சைக்கிள்காரன் ஒருத்தன் அவர்களைத் தாண்டிப் போனான்.

சைட் வாசலில் இறங்கியபோது மணி எட்டு ஐம்பது. எதிர்ப்புறம் நடைபாதையில் அடுக்கும் ஆட்கள் ஏழு பேரும் உட்கார்ந்து சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது. வேலை இன்னும் தொடங்கவில்லை.

"வாங்கக்கா, டீ சொல்லட்டுமா?" என்றான் ஒருத்தன். "இன்னிக்கு மேஸ்திரி கணக்கு. மழதான் வரப்போகுது."

"அவரு எங்க?"

"மேலதான். ஜாக்கி கழட்டுறாரு."

"தனியாவா?"

"நாங்க வரோம்னு சொன்னதுக்கு விரட்டி விட்டுட்டாரு. கீழ் மாடியில வயர் இழுத்துட்டு இருந்தவங்களையும் சேத்துத்தான். நான் கூப்பிடுற வரைக்கும் ஒருத்தனும் ரோட்டத் தாண்டி இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னுட்டாரு. என்னமோ இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்காரு."

அதோட கனத்துக்கே அது நிக்கும் என்று நேற்று சொன்ன வாய். அவன் அதை ஒரு நிமிஷம்கூட நம்பியிருக்கவில்லை.

கையில் அட்டையோடு இன்ஜினியர் வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். சின்ன வயசுப் பெண், தலைக்குப் பெரிதான ஹெல்மெட். அவளைப் பார்த்ததும் சிரித்து, "என்ன டேப்பக்கா, இந்தப் பக்கம்?" என்றாள். ஏழு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை நேரமும் வராத வாய் அப்போது வந்தது, தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"மேடம், நாலாவது மாடியில பதினோரு சுவர்லயும் உள்ள கம்பி கிடையாது. அறுத்தாச்சு. எல்லாம் மாத்தி அளந்தது நான்தான். தப்பு என்னோடது."

இன்ஜினியரின் சிரிப்பு போக மறந்து அப்படியே முகத்தில் நின்றது. அவள் வாய் மட்டும் அசைந்தது. "நான் கையெழுத்துப் போட்டேனே" என்றாள். பிறகு மேலே பார்த்தாள். டீ கிளாஸ்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. ஒருத்தன் எழுந்து ஓடப் பார்த்தான், இன்ஜினியர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யாரும் உள்ள போகக் கூடாது."

நான்காவது மாடிக்குத் தெருப் பக்கத்துச் சுவர் இன்னும் வந்து சேரவில்லை. அந்தத் திறப்பு வழியாக அந்தப் பதினோரு சுவர்களும் வரிசையாகத் தெரிந்தன. அவற்றின் தலைமேல் இன்னும் தளம் ஏறவில்லை, வானம்தான் இருந்தது. முதல் சுவரின் பக்கத்தில் அவன் மஞ்சள் ஹெல்மெட். அவள் மறுபடி போன் போட்டாள். மேலே அவன் போன் அலறுவது கீழே வரைக்கும் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"என்னங்க. கீழ நிக்கிறேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். தப்பு என்னோடதுதாங்க, நான்தான் மாத்தி வெச்சேன். விட்டுட்டு வந்துடுங்க."

ஹெல்மெட் திரும்பியது. இவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியவில்லை.

"சொல்லிட்டியா" என்றான். கோபமாக இல்லை. மூச்சு வாங்குவது மட்டும் போனில் கேட்டது.

"ஜாக்கிய மறுபடி இறுக்கிட்டு வாங்க. மெதுவா வாங்க."

"ஒண்ணு கழட்டிட்டேன்."

"இன்னொண்ணு இருக்குல்ல? அதத் தொடாதீங்க."

தெருவில் காற்று எழும்பியது. இன்ஜினியர் கையிலிருந்த அட்டையில் காகிதங்கள் படபடத்தன, அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"அதையும் தளத்தி விட்டுட்டேம்மா" என்றான் அவன். "நீ போன் போட்டப்பதான் சுவரடியில லேசா ஒரு சத்தம் கேட்டுச்சு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மேலே பார்த்தாள். அவன் போன் பிடித்த கையை அசைக்காமல், மற்ற கையை மெல்லத் தூக்கி, விரல்களை அகல விரித்து, அந்த நாலரை டன் சுவரின் மேல் உள்ளங்கையைப் பதித்து நின்றான்.