விட்டுப்போன இரண்டு வசனங்கள்

வெண்கலம் என்று அவளுக்குப் பேர் வைத்தது அவளுடைய அண்ணன்தான். சின்ன வயதில் அவள் மாடியில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் தெருக்கோடியில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு அந்தக் குரலே அவளை ஜெபக்கூடத்தில் வேதம் வாசிக்கிறவள் ஆக்கியது.

டயர்க் கடைக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு ஏறிப் போகும் நீளமான அறை அது. எண்பது பிளாஸ்டிக் நாற்காலி, நாலு மின்விசிறி, நினைத்தால் வேலை செய்யும் ஒரு மைக். வாரம் ஒருமுறை அன்றைய பகுதியை நின்று வாசிப்பாள். மைக் மக்கர் பண்ணினாலும் கடைசி வரிசைக்கு ஒரு எழுத்து தவறாமல் போய்ச் சேரும்.

வாசித்ததை விளக்கிச் சொல்பவர் போதகர். வார நாட்களில் அவர் பஸ் ஓட்டுகிறவர். பேச்சிலும் அந்த வாடை அடிக்கும். “கேட்டுட்டு அப்படியே வீட்டுக்குப் போறதுன்னா எதுக்கு இத்தனை படி ஏறி வரணும்? ஏறினவங்க எங்கேயாவது இறங்கித்தானே ஆகணும்?” என்பார். விளக்கம் முடிந்ததும் ஐந்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது. அதற்குப் பிறகு, கேட்டதற்காக என்ன செய்யப் போகிறோம் என்பதை மனசு வந்தவர்கள் எழுந்து சொல்லலாம். மச்சானோடு சமாதானம் ஆகப்போவதாக ஒருவர் சொன்னபோது, “போன மாசமும் இதையேதான் சொன்னாரு” என்று அவர் மனைவி பின்னாலிருந்து போட்டுக் கொடுத்ததும் உண்டு.

ஆறு வருஷத்தில் வெண்கலம் ஒரு தடவைகூட எழுந்து எதுவும் சொன்னதில்லை. வாசிக்கிறவள் எடுத்துக் கொடுக்கிறவள், வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று அவளுக்குள் ஒரு கணக்கு.

வழக்கமாக முந்தின நாளே பகுதியை நாலு முறை படித்துப் பார்த்துவிடுவாள். அந்த வாரம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரட்டை ஷிப்ட். போதகர் கொடுத்த துண்டுச் சீட்டைப் பிரித்துப் பார்க்கவே நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் நின்று வேதத்தைத் திறந்த பிறகுதான் அன்றைய பகுதி என்னவென்று தெரிந்தது. முதல் நாலைந்து வசனங்கள் நீரோட்டமாகப் போயின. அதற்கு அடுத்த இரண்டும், தன்னை நம்பிப் பக்கத்தில் வாழ்கிறவர்மேல் பொய் சாட்சி சொல்லுகிறவரைப் பற்றியவை. அவள் கண் அங்கே நின்றுவிட்டது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு அந்த இரண்டையும் தாண்டி, அடுத்ததிலிருந்து தொடர்ந்தாள். குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

ஏழு வருஷத்துக்கு முந்தி நடந்தது அது. அப்போது அண்ணன் மனைவிதான் சலவைக்கூடத்தில் அவளுடைய ஷிப்டுக்கு மேற்பார்வை. வேலை வாங்கிக் கொடுத்ததும் அந்த அண்ணிதான். போர்வைகளைத் தேய்க்கும் பெரிய சூட்டு உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். போர்வை கொஞ்சம் மடிந்து அதில் பட்டாலும் நின்றுவிடும் என்பதுதான் தொல்லை. அன்றைக்கு வேலை குவிந்து கிடந்தது. வெண்கலம் பழைய துணிக் கிழிசலால் கம்பியை மேலே தூக்கிக் கட்டினாள். “அதை அவுத்துடு” என்று அண்ணி போகிற போக்கில் சொன்னாள். “இந்த ஒரு வண்டித் துணி முடிஞ்சதும் அவுத்துடறேன் அண்ணி” என்றாள் இவள். அந்த ஒரு வண்டி முடிவதற்குள், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணின் வலது கை உருளைக்குள் போய்விட்டது. இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை.

விசாரணையில் கேட்டார்கள். வெண்கலத்தின் புருஷன் வீட்டைவிட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மகளுக்கு ஒரு வயசு. “யார் கட்டினது?” என்றபோது அவள் வாயிலிருந்து, “அண்ணிதான் கட்டச் சொன்னாங்க, அவங்களேதான் கட்டினாங்க” என்று வந்துவிட்டது. அண்ணியைக் கேட்டபோது, “மேற்பார்வை நான்தான், பொறுப்பு என்னுது” என்று மட்டும் சொன்னாளாம். அண்ணியின் வேலை போயிற்று. அடிபட்ட பெண் வேறு ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது போதகர் பக்கத்தில் வந்தார்.

“அக்கா, நடுவுல ரெண்டு வசனம் விட்டுப்போச்சு.”

“அப்படியா? கண்ணாடி மாத்தணும் ஐயா. வரி தாண்டிடுச்சு போல.”

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி. அடுத்த வாரமும் அதே பகுதியையே வாசிச்சிடுவோம். முழுசா” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லித் தப்பித்திருப்பாள். கேட்காததுதான் அவளைப் போட்டு அரித்தது.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு போக்குவரத்து குறைந்துவிட்டது. அண்ணி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நூறு சட்டையாவது இருக்கும்.

“வா. தண்ணி குடிக்கிறியா?”

“அண்ணி, அந்தக் கம்பி...” என்று ஆரம்பித்தாள்.

அண்ணி ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். “ஏழு வருஷம் ஆச்சு இந்த வாக்கியத்துக்கு” என்றாள்.

“நான்தானே கட்டினேன். உங்க மேல போட்டுட்டேன்.”

“எனக்குத் தெரியாதா? கைக்குழந்தையோட நின்னே. உன் வேலை போனா நடுத்தெரு. அவுக்கச் சொல்லிட்டு, அவுத்தியான்னு பாக்காம போனது என் தப்புதான். அதான் வாயை மூடிட்டு இருந்தேன்.”

“நீங்க இவ்வளவு பெரிய மனசு...”

“பெரிய மனசெல்லாம் இல்ல. நிறுத்து.” அண்ணியின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. “ஆபீஸ்ல நீ என்ன சொன்னாலும் பரவாயில்லன்னு விட்டேன். வீட்டுக்கு வந்து உங்கண்ணன்கிட்டயாவது உண்மையைச் சொல்லுவேன்னு பாத்தேன். இன்னிக்கு வருவே, நாளைக்கு வருவேன்னு பாத்தேன். ஒரு நாள் நானே அவர்கிட்ட சொன்னேன். என்ன சொன்னார் தெரியுமா? ‘என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா’ன்னார். அதுக்கு மேல நான் என்ன பேச?”

வெண்கலம் சட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னை அவர் திட்டினதே இல்ல. நல்லாத்தான் வெச்சுக்கிட்டார். ஆனா நான் அடுப்பை அணைச்சிட்டு வந்தா, பின்னாலேயே போய் ஒருதரம் பாத்துட்டு வருவார். கதவைப் பூட்டினா இழுத்துப் பாப்பார். கடைசி வரைக்கும். ஒரு மனுஷி கையை நான்தான் நாசம் பண்ணினேன்னு நினைச்சுக்கிட்டேதான் போய்ச் சேர்ந்தார்.”

அண்ணி அழவில்லை. அழுதிருந்தால் வெண்கலத்துக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். காலில் விழப் போனவளை, “எழுந்திரு, சட்டையெல்லாம் கசங்குது” என்று தடுத்துவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன் அண்ணி. நீங்களும் வாங்க.”

“சொல்லணும்னா சொல்லு. எனக்காகன்னு சொல்லாதே. எனக்கு யார் முன்னாடி சொல்லணுமோ அவர் இல்ல.”

அடுத்த நாள் அவள் சலவைக்கூட அலுவலகத்துக்குப் போனாள். புது மேலாளர் இரண்டு அலமாரிகளைத் திறந்து தேடினார். அந்த வருஷத்து விசாரணைக் கோப்பு கிடைக்கவில்லை. “இப்ப எதுக்கும்மா அதைக் கிளறறீங்க?” என்றார். எழுதிக் கொடுத்தே தீருவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். தலையெழுத்தே என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வாசித்தாள். அந்த இரண்டு வசனங்களுக்கு வந்தபோது குரல் கம்மி, முன்வரிசைக்குக்கூட எட்டவில்லை. மைக்கைப் பக்கத்தில் இழுத்து மறுபடி வாசித்தாள். ஐந்து நிமிஷ மௌனம் முடிந்ததும் முதல் ஆளாக எழுந்தாள். கம்பி கட்டினது, சொன்ன பொய், வேலை இழந்த அண்ணி, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அண்ணனைப் பற்றி மட்டும் சொல்ல முடியவில்லை. “ஒருத்தர்கிட்ட சொல்லவேண்டிய நேரத்துல சொல்லாம விட்டுட்டேன், இனிமே முடியாது” என்று உட்கார்ந்துவிட்டாள். போதகர் எழுந்து, “இன்னிக்கு நான் விளக்கிச் சொன்னது பத்தாது. வீட்டுக்குப் போய் எல்லாரும் திரும்பப் படிங்க” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அவளே வேறொருவரிடம் வாசிக்கும் பொறுப்பைக் கொடுத்துவிட்டாள். யாரும் அவளை விலகச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அண்ணன் மகளிடமிருந்து போன் வந்தது. எப்படியோ அவள் காதுக்கு விஷயம் எட்டியிருந்தது.

“அத்தை, நீங்க சொன்னது நிஜமா?”

“நிஜம்தாம்மா.”

“என் பையனைக் குளிப்பாட்ட அம்மாவை நான் விட்டதே இல்ல, தெரியுமா? வெந்நீர்ல போட்டுடுவாங்கன்னு பயந்து, ஏதாச்சும் சாக்கு சொல்லி அவனை வாங்கிடுவேன். அம்மா ஒண்ணும் கேக்காம துண்டை எடுத்துக் குடுத்துட்டுப் போயிடுவாங்க.”

“என்னை என்ன வேணா திட்டு.”

“திட்டறதுக்குக் கூப்பிடல. கொஞ்ச நாளைக்கு நீங்க இங்க வராதீங்க. உங்க முகத்தைப் பாத்தா அப்பா நினைப்பு வருது, கோபம் வருது.”

“சரிம்மா.”

வைத்துவிடுவாள் என்று நினைத்தாள். ஆனால் தூரத்தில் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தமும், ஒரு குழந்தை வீறிட்டுச் சிரிப்பதும் கேட்டன. கூடவே அண்ணியின் குரல்: “கண்ணை மூடிக்கோடா, சோப்பு!”

அண்ணன் மகள் போனை வைக்கவில்லை. வெண்கலம் இரண்டு கையாலும் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்பு அறுந்துபோகிறவரை கேட்டுக்கொண்டே நின்றாள்.