முழங்கை உயரம்

"கையத் தொங்கவுட்டு, முழங்கைய மட்டும் மடக்கி நில்லு" என்றார் தர்மலிங்கம் அண்ணன். நின்றேன். என் முழங்கைக்கு நேராக ஸ்டோர் சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். பிறகு அவர் நின்றார், நான் இழுத்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேலே இருந்தது. மனிதர் அவ்வளவு உயரம். தோட்டத்து லய வீட்டு வாசலில் குனிய மறந்தால் நெற்றி புடைத்துவிடும். நான் குள்ளன். கடைசல் பட்டறையில் மரம் சுழலும் மட்டம், வேலை செய்கிறவன் முழங்கைக்கு வரவேண்டும். அதற்கு மேலே போனால் தோள் செத்துப்போகும், கீழே போனால் முதுகு.

ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை ஓடிப்போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சப்பான்காரன் சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். பீடோங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பாதி லயம் காலி. போனவர்களில் ஒருத்தன் திரும்பி வந்தான் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்போதுதான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஏசுதாசன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"மம்பட்டிக் காம்பு வேணுங்கிறானுங்க, சுத்தியல் காம்பு வேணுங்கிறானுங்க. சனிக்கெழமைக்குள்ள பட்டறை ஓடணும். அத ஓட்டறதுக்கு ஒருத்தன்தான். இன்னொருத்தன் அடுத்த லோரியில சயாமுக்கு. ஆளுக்குப் பத்துக் காம்பு கடைஞ்சி காட்டுங்க, பாத்துட்டு முடிவு பண்றேன்."

முடிவு பண்ண என்ன இருக்கிறது? அண்ணன் பீடோங்கில் ஒரு சீனன் பட்டறையில் ஆறு வருஷம் கடைந்தவர். நான் கதவும் பெட்டியும் அடிக்கிற தச்சன், இப்போது சவப்பெட்டி. யார் போவார் என்பது தோட்டத்து நாய்க்குக்கூடத் தெரியும்.

"பட்டறைக் கால ஒசரமாவே அறுத்துடு பிச்ச" என்றார் அண்ணன். "நான் நேரா நின்னுக்குவேன். நீ பலகய போட்டு ஏறிக்க. ரெண்டு பேருக்கும் நாயமா இருக்கும்." சொல்லிவிட்டு, பெண்சாதி செல்லாயியைக் கூட்டிக்கொண்டு, ரப்பர் பால் அரைக்கிற மிஷினில் இருந்த இரும்புச் சக்கரத்தைக் கழற்றி உருட்டிவரப் போனார். இன்ஜினுக்கு எண்ணெய் இல்லாத காலம். ஒரு ஆள் சக்கரத்தைச் சுற்றினால், கயிறு இழுத்து மரம் சுழலும்.

நான் ரம்பத்தை எடுத்தேன். கீழ்க்கோட்டின் அளவில் வைத்து அறுத்தேன்.

நாலு கால். கனத்த காட்டு மரம். மரவள்ளிக்கிழங்கு தின்ற உடம்பில் தெம்பு எங்கே இருக்கிறது? ஒவ்வொரு காலுக்கும் நடுவில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். யோசிக்க நேரம் இருந்தது. கைதவறிப் போச்சு என்று எனக்காக யாரும் பேச வேண்டாம். பயம், அவ்வளவுதான். சாகப் பயம்.

அண்ணன் வந்தார். கீழே கிடந்த துண்டுகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"கோடு மாறிப்போச்சிண்ணே" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "சரி வுடு" என்றார்.

காலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திப் பார்த்தோம். சக்கரம் சுற்றியதும் பட்டறை ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. சிமெண்டுத் தரை, காலைப் புதைக்கவும் வழியில்லை. கட்டைகளை உருவிப் போட்டுவிட்டு அண்ணன் குனிந்து நின்றார். முதல் நாலு காம்பு, பாவி மனுஷன், எண்ணெய் தடவினதுபோல் கடைந்தார். ஐந்தாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். போன மாதம்தான் வயிற்றுப்போக்கில் கிடந்து எழுந்த உடம்பு. எட்டாவதில் உளி மாட்டி மரம் பிளந்தது. ஒன்பதாவதும் பிளந்தது. என்னுடைய பத்தும் கோணல் மாணல்தான், ஆனால் முழுசு.

"என்ன தர்மலிங்கம், ஒன்ன நம்பியில்ல இருந்தேன்" என்றார் கிராணி.

"முதுகு புடிச்சிக்கிச்சிங்க ஐயா."

என்னைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. லோரி கிளம்பின காலையில் நான் வழியனுப்பப் போகவில்லை. ஸ்டோருக்குள்ளேயே உட்கார்ந்து, சத்தம் சுங்கைப்பட்டாணி ரோட்டில் தேய்ந்து போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சக்கரம் சுற்ற வந்தது செல்லாயி அக்காதான். அரிசிப் படிக்கு அவளுக்கு வேறு வழியில்லை. மூன்று மாதம் அவள் சுற்றினாள், நான் கடைந்தேன். அண்ணனைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் அவள் தோளை நீவிக்கொண்டே லயத்துக்குப் போவாள். எனக்கு ஒருநாளும் முதுகு வலித்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம் கிராணி வந்து வாசலிலேயே நின்றார். "அடுத்த லோரிக்கு ஆள் பத்தல. பொம்பளைங்களையும் ஏத்துறானுங்க. சக்கரம் சுத்த எவனாச்சும் கெழவன் போதுமாம். கடையிற ஆளு மட்டும் நிக்கட்டுங்கிறான்." அக்காவை நேராகப் பார்க்க முடியாமல் திரும்பிப் போனார்.

அக்கா சக்கரத்தை விட்டாள். இடுப்பில் சுற்றியிருந்த சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

"தள்ளு தம்பி."

"எதுக்குக்கா?"

"அவரு லோரி ஏறுறப்பவே சொன்னாரு. பிச்ச அறுத்திருக்கிற ஒசரம் ஒனக்குத் தோதா இருக்கும், பாத்துப் பாத்துக் கத்துக்கன்னு."

"வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லல."

உளி என் கையில்தான் இருந்தது. கொடுக்காமல் இருந்திருக்கலாம், பிடுங்க அவளுக்குத் தெம்பு இல்லை. அவளும் பிடுங்க வரவில்லை. கையை நீட்டியபடி நின்றாள். உடம்பெல்லாம் அசதியாக வந்தது எனக்கு. கொடுத்துவிட்டுப் போய்ச் சக்கரத்தின் பிடியைப் பிடித்தேன். அடுத்த லோரி ஏறப்போகிறவன் பிடிக்கிற பிடி அது, அவள் வேர்வையில் ஈரமாக இருந்தது.

"சுத்து" என்றாள்.

சுற்றினேன். முதலில் தூள்தான் பறந்தது. பிறகு உளி எங்கேயோ படிந்து, சீவல் சுருள் சுருளாகக் கழன்று அவள் பாதத்தில் விழ ஆரம்பித்தது. செல்லாயி அக்கா கொஞ்சம்கூடக் குனியாமல், நேராக நின்றிருந்தாள்.