நோயா, பசியா

தேனீப் பெட்டியின் வாசலில் பழுப்புக் கறையைப் பார்த்ததிலிருந்து லோயிசுக்கு எதிலும் புத்தி நிலைக்கவில்லை. வடமாலபேட்டை மிஷன் பள்ளி வாத்தியார் எர்னஸ்டின் மனைவி அவள். கொல்லையில் இரண்டு தேனீப் பெட்டி வைத்திருந்தாள். முருங்கையடிப் பெட்டி கும்மென்று இருந்தது. சுவரோரப் பெட்டிதான் மழைக்காலத்தில் பூ இல்லாமல் நோஞ்சானாகிப் போனது. பூ இல்லாத மாதங்களில் சர்க்கரை கரைத்து வைக்கும்படி திருத்தணியிலிருந்து வருகிற தேனீ மேஸ்திரி சம்பத் சொல்லியிருந்தார். கடையில் சர்க்கரை கிடைத்தால்தானே? உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். அந்தக் கையோடு சுவரோரப் பெட்டித் தேனீக்களுக்கும் ஒரு துண்டு வெல்லம் எடுத்து வைத்தாள். மனுஷருக்கு ஆகிறது பூச்சிக்கு ஆகாதா என்பது அவள் கணக்கு.

சீக்கிரமே அந்தப் பெட்டி வாசலெல்லாம் கறை. செத்த தேனீப் புழுக்கள் வெளியே கிடந்தன. அந்த வருஷம் எல்லை பிரித்ததில் வடமாலபேட்டை ஆந்திராவில் நின்றுவிட, திருத்தணி மதராசோடு போய்விட்டது, சம்பத்தும் அதோடு போய்விட்டார். சித்தூரிலிருந்து வந்த புது அதிகாரி மூடியைத் திறந்து பார்த்து, ரோகம், பெட்டியோடு கொளுத்திவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பெட்டிக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று தெலுங்கில் சொன்னார். என்ன ஊட்டினாய் என்று அவர் கேட்கவில்லை. பயத்தில் இவளும் வாய் திறக்கவில்லை.

மனசு கேளாமல் எர்னஸ்டை பஸ் ஏற்றித் திருத்தணிக்கு அனுப்பினாள். வெல்லம் தேனீக்குப் பேதியாகும், பட்டினியிலும் புழுவை வெளியே தள்ளும், ஆனால் கண்ணால் பார்க்காமல் ரோகம் இல்லையென்று சொல்லமாட்டேன் என்றாராம் சம்பத்.

"அப்போ ரோகமா, என் வெல்லமா?"

"ரெண்டும் இருக்கலாம்னு சொல்றாரு."

"இது இன்னா பதிலுங்க?"

நல்ல பெட்டியாவது பிழைக்கட்டும், இன்றைக்கே கொளுத்திவிடலாம் என்றார் எர்னஸ்ட். பாவம் அறியாத ஜீவன்களை எரிப்பதா, இரண்டையும் சேர்த்துப் பறிகொடுப்பதா? லோயிஸ் ஜெபம் பண்ண உட்கார்ந்தாள். எந்தப் பெட்டிக்காக வேண்டுவது என்பதிலேயே குழம்பி எழுந்துவிட்டாள்.

பொழுது சாய்ந்து தேனீக்கள் அடைந்ததும் சுவரோரப் பெட்டியின் வாசலில் துணியை அடைத்தாள். எர்னஸ்ட் மண்ணெண்ணெய் ஊற்றினார். அப்போது பிந்தி வந்த தேனீ ஒன்று துணியில் மோதியது. அதன் பின்னங்கால் இரண்டிலும் மஞ்சள் மஞ்சளாய் மகரந்தம்.

"உள்ள புழு உசுரோட கீது. அதுங்களுக்குத் துன்னத்தான் எட்த்தாந்துகீது" என்றாள். "துணிய எடுக்கட்டுமா?"

"எடுத்தா அல்லாம் வெளிய வந்துடும், லோயிஸ்."

அவள் கை துணிமேலேயே நின்றது. தேனீ இரண்டு தரம் முட்டிப் பார்த்துவிட்டு எழும்பி முருங்கையடிக்குப் பறந்தது. அங்கே காவலுக்கு நின்றவை அதை முகர்ந்து பார்த்தன. சாப்பாட்டோடு வந்த விருந்தாளி என்று எண்ணினவோ என்னவோ, ஒதுங்கி வழிவிட்டன. ரோகம் இருந்தால் அதையும் சுமந்துகொண்டு அது உள்ளே போய்விட்டது.

எர்னஸ்ட் தீக்குச்சியைக் கிழித்துவிட்டு, எந்தப் பெட்டி என்று கேட்பதுபோல் அவளைப் பார்த்தார். குச்சி அவர் விரல் பக்கமாக எரிந்துகொண்டு வந்தது.