ஸுஹைனா வரைந்த ஒழுங்கை

ஏறாவூரில் ஒரு பெண்கள் பாடசாலையின் பத்தாம் தர வகுப்பு. வரலாற்றுப் பாடம். பின்வரிசை வாங்கில் மட்டக்களப்பிலிருந்து வந்த கல்வி அதிகாரி ஹெக்டர் உட்கார்ந்திருந்தார். இன்றைய பாடம் அவருக்குப் பிடித்தால் றுக்ஷானா டீச்சருக்கு ஆசிரிய ஆலோசகர் பதவி கிடைக்கும். அதற்காகவே வண்ணப் படங்கள் எல்லாம் செய்து வந்திருந்தார்.

‘அந்தக் காலத்தில் பெண்களுக்குச் சொத்து இருக்கவில்லை. பிற்காலச் சட்டங்களே அதைக் கொடுத்தன.’ றுக்ஷானா தான் பள்ளியில் படித்ததைப் பலகையில் எழுதினார். பிள்ளைகளும் எழுதினார்கள். ஸுஹைனா மட்டும் பேனையை வைத்துவிட்டாள்.

“டீச்சர், எங்கட வீடு உம்மாட வீடு. அவட உம்மா குடுத்தது. அப்ப அவக்கு ஆரு குடுத்த?”

“எங்கடயும் உம்மாட வீடுதான்,” என்றார்கள் பக்கத்தில் இருந்தவர்கள்.

இங்கே மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். றுக்ஷானாவின் கணவர் றிஸானும் அப்படி வந்தவர்தான். உம்மா கொடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் றுக்ஷானா இந்தக் குறிப்பை வருடாவருடம் தயாரித்திருக்கிறார்.

படங்களை மேசைக்குள் வைத்தார். “சரி, சோதிச்சுப் பாப்பம்.”

“இது இண்டைய வழக்கம்தானே டீச்சர்?” என்றார் ஹெக்டர் பின்னாலிருந்து. “கிட்டடியில வந்திருக்கலாம். பழசு எண்டு எப்படிச் சொல்லுவீங்க?”

நியாயமான கேள்வி. பதவி கைநழுவுவது போலிருந்தது. றுக்ஷானா வெண்கட்டியை எடுத்து நீட்டினார்.

“ஸுஹைனா, வாங்க புள்ள. உங்கட ஒழுங்கைய, அந்தச் சின்னத் தெருவில இருக்கிற வீடுகள வரைங்க. ஒவ்வொரு வீட்டிலயும் பொம்புள ஆரு, ஆம்புள எங்க இருந்து வந்தவர் எண்டும் எழுதுங்க.”

ஸுஹைனா வரைந்தாள். அவள் வீடு, பக்கத்தில் உம்மாவின் தங்கச்சி ஸாலிஹா சாச்சி, எதிரே உம்மம்மாவின் தங்கச்சி, அவர் மகள் ஹப்ஸா அடுத்த வீட்டில். பெண்கள் எல்லோரும் ஒரே வளவில், ஒரே குடும்பக் காணியில், பிறந்தவர்கள். ஆண்களோ வெளியிலிருந்து வந்தவர்கள்: ஒருவர் காத்தான்குடி, ஒருவர் ஓட்டமாவடி, ஒருவர் பின் தெரு.

“பாருங்க,” என்றார் றுக்ஷானா. “ஒரு வளவு மகள்மாருக்குப் பிரியும். அவங்கட பங்கு அவங்கட மகள்மாருக்குப் பிரியும். அதாலதான் சகோதரிமார் பக்கத்துப் பக்கத்தில. ஒரு கலியாணத்தால இப்படி ஒரு ஒழுங்கை வராது. பல தலைமுறை வேணும்.”

“டீச்சர்,” என்றாள் ஸாதியா, “வீடு உம்மாடதான். ஆனா அத விக்கிறது எண்டா வாப்பாதானே முடிவெடுப்பாரு?”

றுக்ஷானாவின் முகம் மலர்ந்தது. “அது அடுத்த கேள்வி. சொத்து இருக்கிறது ஒண்டு, அத ஆளுறது இன்னொண்டு. ரெண்டையும் தனித்தனியாத் தேடணும்.” பலகையில் இருந்த வசனத்துக்குக் கீழே எழுதினார்: ‘எங்கே? எந்தப் பெண்களுக்கு?’

ஸுஹைனா திரும்பினாள். “சேர், உங்கட வீடு?”

ஹெக்டர் தொண்டையைச் செருமினார். “கல்லடியில. என்ட மனுசி மார்கிறட்ட வீடு.”

“அப்ப சேரும் வந்த மாப்பிள்ளதான்.”

அவரும் சேர்ந்து சிரித்தார். பாடம் முடிந்ததும் றுக்ஷானாவிடம் வந்தார். “திட்டத்தில எழுதின பாடம் இது இல்ல டீச்சர்.”

“ஓம் சேர்.”

“அடுத்த மாசம் களுவாஞ்சிக்குடியில ஆசிரியர்மாருக்கு இதையே செய்து காட்டுங்க. ஆலோசகரா உங்கட முதல் வேலை. ஆனா, அங்க ஒழுங்கை வேற மாதிரி வந்தா?”

“வந்தா இன்னும் நல்லம் சேர்,” என்றார் றுக்ஷானா. “ஏன் எண்டு கேக்கலாமே.”