திறக்காத பட்டியல்

காலை பத்து பத்துக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. 'தேர்வானவர்கள் பட்டியல்' என்று தலைப்பு, கூடவே ஒரு கோப்பு. ரூல்ஸ் மேடம் அதைத் திறக்கவில்லை.

கல்லூரியின் வேலைவாய்ப்பு அதிகாரியை மாணவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள், முதுகுக்குப் பின்னால். காரணம் இல்லாமல் இல்லை. ஒருவருக்கு ஒரு வேலைதான் என்ற விதியைக் கொண்டுவந்ததே அவர்தான். ஒரு நிறுவனத்தின் பட்டியலில் பெயர் வந்து, அந்தப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டால், அடுத்த நிறுவனத்தின் தேர்வில் உட்காரக் கூடாது. வெளியில் தானாக ஒரு வேலைக்குச் சம்மதம் சொன்னாலும் அதே கதிதான். சம்மதக் கடிதத்தின் நகல் மேடத்துக்கு வந்தாக வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு வேலையை மடியில் கட்டிக்கொள்ள, மற்றவர்கள் வாய் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று போட்ட விதி. நல்ல விதிதான். அழுதுகொண்டு வந்தவர்களுக்கும் சரி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும் சரி, மூன்று வருடமாக அவர் ஒரு இம்மியும் வளைந்து கொடுத்ததில்லை.

இப்போது அவருடைய சொந்த மகனே அந்த விதியில் வந்து மாட்டிக்கொண்டு நின்றான்.

மகன் இதே கல்லூரியில் கடைசி வருடம். கப்பல் வடிவமைக்கும் நிறுவனம் ஒன்று அன்று பன்னிரண்டு மணிக்கு எழுத்துத் தேர்வு வைத்திருந்தது. இரண்டு வருடமாக அவன் சோறு தண்ணி மறந்து அதற்காகவே படித்துக்கொண்டிருந்தான். நேற்று புள்ளிவிவர நிறுவனம் ஒன்று நேர்காணலுக்கு வந்தபோது போகவே மாட்டேன் என்றான். "கையில ஒன்னு இருக்கட்டும்டா, சும்மா போயிட்டு வா" என்று பிடித்துத் தள்ளியது அம்மாதான். பட்டியல் வர எப்படியும் இரண்டு மூன்று நாளாகும், அதற்குள் கப்பல் தேர்வு முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்த நிறுவனமோ மறுநாள் காலையிலேயே அனுப்பித் தொலைத்துவிட்டது.

பத்தரைக்கு மகன் வந்து கதவருகே நின்றான். கல்லூரிக்குள் அம்மாவை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"நேத்து கம்பெனி லிஸ்ட் வந்துடுச்சா, மேடம்?"

அவர் கண் ஒரு முறை கணினித் திரைக்குப் போய்த் திரும்பியது. அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, பன்னெண்டு மணி வரைக்கும்தாம்மா. ஹால் கதவைச் சாத்திட்டா அப்புறம் ஒட்டுங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"போடா. போய்ப் படிக்கிற வேலையைப் பாரு."

அவன் போனான். முடியாது என்று அவர் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

பட்டியலைத் திறந்து பார்த்தால்தானே தெரியும்? தெரிந்தால்தானே ஒட்ட வேண்டும்? இப்படி ஒரு நியாயத்தை வேறு எவனாவது கொண்டுவந்திருந்தால் மேடம் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். தனக்கென்று வந்ததும் அது நன்றாகவே செல்லுபடியானது. திறக்காத வரைக்கும் தான் எதையும் மறைக்கவில்லை என்று கணினியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பதினொன்றே காலுக்குத் தந்தி வந்தாள். புள்ளியியல் படிக்கும் பெண். வார்த்தைக்கு இவ்வளவு என்று யாரோ கட்டணம் கேட்பதுபோலப் பேசுவதால் வகுப்பில் வைத்த பெயர்.

"மேடம், லிஸ்ட்?"

"என்னம்மா அவசரம்?"

"வெளியூர் கால் சென்டர்ல எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு வருஷ ஒப்பந்தம். பன்னெண்டுக்குள்ள சம்மதம் அனுப்பணும். இல்லேன்னா வேற ஆள்." அவள் நின்று மூச்சு வாங்கினாள். இன்றைக்கு அவளுக்கே அத்தனை வார்த்தை போதவில்லை. "எனக்கு நேத்து இன்டர்வியூ வச்ச கம்பெனி வேலைதான் மேடம் வேணும். மூணு வருஷம் படிச்சது அதுக்குத்தான். ஆனா அதுல என் பேர் இல்லேன்னா, இதையும் விட்டுட்டு நிக்க முடியாது. ஏற்கெனவே நாலு கம்பெனி கைவிரிச்சாச்சு."

கணினித் திரை மேடத்தின் பக்கம் திரும்பியிருந்தது, அவள் கண்ணுக்குத் தெரியாது.

"இன்னும் வரலைம்மா."

"பன்னெண்டுக்குள்ள வந்துடுமா?"

"சொல்ல முடியாதும்மா."

பொறுத்துப் பார் என்று சொல்ல வாயெடுத்தார். பொறுத்திருந்து பட்டியலில் அவள் பெயர் இல்லாமல் போனால்? இருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைத்தான் அவரால் கொடுக்க முடியவில்லை. தந்தி தலையசைத்துவிட்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு மேடத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு முறை வராந்தா வரை போனார். அவளைக் கூப்பிட்டுவிடலாம் என்றுதான் போனார். இரண்டு முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் புதிதாக ஒரு மின்னஞ்சல் வந்து, திறக்காத பட்டியலுக்கு நேர் மேலே உட்கார்ந்தது. கால் சென்டருக்குத் தந்தி அனுப்பிய சம்மதத்தின் நகல். ஒரே வரிதான் எழுதியிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குத் தேர்வு ஹாலின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மகன் உள்ளே இருந்தான். மேடம் பட்டியலைத் திறந்தார்.

ஏழு பெயர்கள். மூன்று முறை படித்தார். மகன் பெயர் இல்லை. முதல் பெயர் தந்தியுடையது.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். என் பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார்? அது அடங்கிய பிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

ஆள் அனுப்பித் தந்தியை வரவழைத்தார்.

"உட்காரும்மா."

அவள் உட்காரவில்லை.

"லிஸ்ட்ல உன் பேர்தான் முதல்ல இருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே வாடியது. "எப்போ வந்துச்சு, மேடம்?"

இப்போதுதான் என்று சொல்லிவிடலாம். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? நாக்கு நுனிவரை வந்ததை மேடம் விழுங்கினார்.

"பத்து பத்துக்கு. நீ வந்து கேட்டப்போ என்கிட்டதான் இருந்துச்சு. வரலைன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். அதுல என் பையன் பேர் இருந்துட்டா அவன் இந்தப் பரீட்சை எழுத முடியாதேன்னு, திறக்காமலே வச்சிருந்தேன்."

தந்தி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கால் சென்டருக்கு நான் பேசறேன். தப்பு என்னோடது, உன்னை விட்டுடுங்கன்னு கேக்கறேன். பிரின்சிபாலுக்கும் நடந்ததை எழுதிக் கொடுத்துடறேன்."

"விட்டுடுவாங்களா?"

"தெரியலைம்மா."

மேடம் எண்ணைப் போட்டார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"உங்க பையன் பேர் இருக்கா, மேடம்?"

"இல்ல."

தந்தி நாற்காலியை விட்டுக் கையை எடுத்தாள்.

"அப்போ நீங்க பத்து பத்துக்கே ஒட்டியிருந்தாலும், அவன் இப்போ பரீட்சை எழுதிக்கிட்டுத்தானே இருப்பான்?"

மறுமுனையில் யாரோ போனை எடுத்து, "சொல்லுங்க" என்றார்கள்.