எங்கள் வண்டியில்தான் வருவோம்

காலையில் வண்டிக்கு அடியிலிருந்து அட்டையை இழுத்தேன். புது சலவை இயந்திரம் வந்த பெட்டியைப் பிரித்து, முந்தின நாள் நானே விரித்து வைத்த அட்டை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை, ஓரத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. விரலில் தொட்டு முகர்ந்தேன். சிவப்பாக இருந்தால் கியர் பாக்ஸ், பச்சையாக இருந்தால் ரேடியேட்டர். இது என்ஜின் ஆயில். எங்கள் பிக்கப் எங்கேயோ ஒழுகுகிறது, சனிக்கிழமை அது நாங்கள் தங்குகிற டிரெய்லரை இழுத்துக்கொண்டு பெர்ச் ஏரிக்குப் போயாக வேண்டும்.

என் கணவன் க்ளேடனின் வீட்டார் ஒவ்வொரு ஜூலையிலும் அங்கேதான் கூடுவார்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் ஆளுக்கொரு டிரெய்லரோடு வந்து ஒரு வாரம் மீன் பிடித்து, சாஸேஜ் சுட்டு, ஒருவரையொருவர் கேலி செய்து திரும்புவார்கள். இந்த வருஷம் கேலிக்குப் புது விஷயம் தேட வேண்டியதில்லை. மார்ச் மாதம் க்ளேடன் குடித்துவிட்டு இதே பிக்கப்பை அஞ்சல்காரம்மாவின் வேலியில் கொண்டுபோய் ஏற்றினான். கோர்ட்டில் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷம்தான் கிடைக்கும். அன்றிலிருந்து அவன் குடிப்பதில்லை. அன்றிலிருந்து அவன் சரியாகப் பேசுவதும் இல்லை, சாப்பாட்டு மேஜையில் சீட்டுக்கட்டைப் பரப்பித் தனியாக ஆடிக்கொண்டிருப்பான். எனக்கு அவன்மேல் கோபம் இல்லாமலா? நிறைய இருந்தது. ஆனால் அது என் கோபம். அதில் பங்கு கேட்டு அவன் வீட்டார் வரிசையில் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஊர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். "என்ஜின் பின்பக்கம் ஆயில் சீல் போயிருக்கு. கியர் பாக்ஸை இறக்கித்தான் மாத்தணும். இந்த மாசம் எங்களால முடியாது" என்றார்கள். நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி டுவெய்னுக்குப் போய்விட்டது. க்ளேடனுடைய அண்ணன். எங்கள் ஊரிலேயே பெரிய பிக்கப் அவனுடையது, அதைக் கழுவுகிற அளவுக்கு அவன் தன் நாயைக்கூடக் கழுவுவதில்லை.

"வெர்னா, எதுக்கு இந்தப் பாடு? உங்க டிரெய்லரை என் வண்டியில மாட்டிக்கிறேன். என்னுதை என் பையன் இழுத்துட்டு வருவான். க்ளே என் பக்கத்துல உக்காந்து வரட்டும். நீ புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு கார்ல பின்னாடியே வந்துரு" என்றான் போனில்.

"எங்க வண்டி ஓடும்."

"ஓடும்மா. ஓட்டுறது யாரு?"

"நான்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "நீ ஓட்டுறது ஸ்கூல் பஸ். பஸ் நடுவுல மடங்காது. அங்க வந்து டிரெய்லரை ரிவர்ஸ்ல ஏத்தணும், ஞாபகம் இருக்கா? போன வருஷம் ஒருத்தன் மேஜையை நொறுக்கினானே."

ஞாபகம் இருந்தது. நானும்தான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். அந்த ஏரிக்கரையில் சாயங்காலமானால் எல்லோருக்கும் அதுதான் பொழுதுபோக்கு, புதிதாக வருகிறவன் டிரெய்லரைப் பின்னால் தள்ளப் படுகிற பாட்டைப் பார்ப்பது. ஆனால் டுவெய்ன் பேசிய தொனியில் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. இந்த ஒரு தடவை க்ளேடனை அவன் இழுத்துக்கொண்டு போனால், லைசென்ஸ் திரும்பி வந்தாலும் என் கணவனுக்கு அந்த வீட்டில் இடம் பக்கத்து சீட்டுதான். அதற்கு நான் விடமாட்டேன்.

"சனிக்கிழமை எங்க வண்டியிலதான் வருவோம்" என்று சொல்லி போனை வைத்தேன்.

க்ளேடன் சீட்டுக்கட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இழுத்துட்டுப் போகட்டும் விடு."

"ஒர்க்‌ஷாப்காரன் அடியிலதான் பார்த்தான். மேலேர்ந்து வழிஞ்சுகூட அங்க சொட்டலாம்ல?"

"வழியலாம். வழியாமலும் இருக்கலாம்." ஒரு ராணியை எடுத்து ராஜா மேல் வைத்தான்.

அவனிடம் கெஞ்சுவதைவிட என்ஜினிடம் கெஞ்சலாம் என்று வெளியே போனேன். எண்ணெய்ப் பிசுக்கு போகிற திரவத்தை அடித்து என்ஜினின் பின்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினேன். காய்ந்ததும் காலில் அடித்துக்கொள்கிற பவுடரை மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக அடித்தேன். பழைய படகின் என்ஜின் ஒழுகியபோது, எங்கிருந்து என்று கண்டுபிடிக்க க்ளேடன் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு தேவாலயம் வரை போய்த் திரும்பி, பானெட்டைத் தூக்கினேன். வெள்ளையில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. அது தொடங்கிய இடம் அடியில் இல்லை, உச்சியில், என்ஜினை மேலே மூடுகிற டேப்பட் கவரின் பின்மூலையில். ஒரு ரப்பர் பேக்கிங் கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த முற்றத்தில் நான் கத்திய கத்தலுக்கு எதிர்வீட்டு நாய் குரைத்தது.

மறுநாள் பேக்கிங் வாங்கி வந்தேன். க்ளேடனைக் கூப்பிடவில்லை. சமையலறை ஜன்னலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, என்ஜின்மேல் குனிந்து, போல்ட்டுக்குப் பொருந்தாத ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். நழுவி நழுவிக் கடகடவென்று சத்தம் போட்டது. மறுபடி திருகினேன். தெரிந்தேதான் செய்தேன். கோர்ட்டில் தலைகுனிந்து நின்ற மனிதன், அஞ்சல்காரம்மா முகத்தைப் பார்க்காமல் நாலு மாதம் கழித்த மனிதன், ஆனால் ஒருத்தி போல்ட் தலையை மழுக்குவதைக் காதால் கேட்டுக்கொண்டு அவனால் உட்கார்ந்திருக்க முடியாது.

கதவு படாரென்று திறந்தது. "அடிப்பாவி! என்ன பண்றே? அது எட்டு, நீ போட்டிருக்கிறது ஒன்பது!"

"அப்படியா? யாரும் சொல்லலையே."

முறைத்தான். பிறகு சட்டைக் கையை மடக்கினான். பின்மூலை போல்ட்டுக்கு அவன் கை போகவில்லை, மணிக்கட்டோடு சிக்கிக்கொண்டது. என் கை போனது. பார்க்க முடியாத இடம், தடவித்தான் வேலை. அவன் பக்கத்தில் நின்று, "இன்னும் கீழே. அதான். விரலாலே முதல்ல ஏத்து. ரொம்ப இறுக்காதே, பேக்கிங் பிதுங்கிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த நாலு மாதத்தில் என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அன்றைக்குப் பேசியதில் பாதி வராது. முடித்து நிமிர்ந்தபோது என் முழங்கைத் தோல் உரிந்திருந்தது. அதை அவன் கவனித்தான். உள்ளே போய் மருந்து எடுத்து வந்தான். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அட்டை சுத்தமாக இருந்தது.

நல்ல வெயில். வழிநெடுகப் பிள்ளைகளுக்காக ஏசி ஓடியது. ஏற்றங்களில் க்ளேடன் என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான். ஏரிக்கரையில் மடக்கு நாற்காலிகள் எங்கள் இடத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டுத் தயாராக இருந்தன. நடுவில் டுவெய்ன், கையில் பியர்.

முதல் முயற்சியில் டிரெய்லர் பைன் மரத்தைப் பார்த்துப் போனது. யாரோ விசிலடித்தார்கள். இரண்டாவது முயற்சியில் வண்டியும் டிரெய்லரும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கின. "நான் வரட்டுமா, வெர்னா?" என்று டுவெய்ன் எழுந்தான்.

க்ளேடன் கதவைத் திறந்து இறங்கினான். அத்தனை பேர் கண்ணும் அவன்மேல். எனக்கு முகம் சுட்டது. அவன் யாரையும் பார்க்காமல் டிரெய்லரின் பின்னால் நடந்து போனான்.

"கண்ணாடியில என்னைத் தெரியலைன்னா நிறுத்திடு. தெரியற வரைக்கும் வா" என்று கத்தினான்.

தெரிந்தான். கையை உயர்த்தி, கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, போதும் என்று காட்டினான். நான் அவன் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. டிரெய்லர் இடத்தில் போய் உட்கார்ந்தது. நாற்காலி வரிசையில் ஒரு நாத்தனார் மட்டும் கைதட்டினாள்.

நான் இறங்கும்போது டுவெய்ன் எங்கள் வண்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "இங்க பாருங்கடா! நான் சொன்னேனா இல்லையா? ஒழுகுது!"

எல்லோரும் வந்து நின்றார்கள். உண்மைதான், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது, மணலில் ஒரு சின்னக் குழியே விழுந்திருந்தது. க்ளேடனைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அவன் சிரிப்பை அடக்கும்போதுதான் அப்படி நிற்பான். அப்புறம்தான் எனக்கும் உறைத்தது, நாள் முழுக்க ஏசி ஓடிய வண்டி.

"தொட்டுப் பாருடா" என்றான் க்ளேடன் அண்ணனிடம். "என்ன ஆயில்னு நீயே சொல்லு."

டுவெய்ன் பியரை மணலில் வைத்துவிட்டுக் குந்தினான். இரண்டு விரலை நீட்டிச் சொட்டைப் பிடித்தான். தேய்த்துப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். சுற்றி நின்றவர்களில் யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அவன் விரலைத் திருப்பித் திருப்பி இன்னொரு முறை முகர்ந்தான். குளிர்ந்த தண்ணீர் அவன் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடிக்கொண்டிருந்தது.